குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி

என் அக்கா வீட்டுக்காரருக்கு 'விநாடி' என்ற பட்டப்பெயர் வந்தது உள்ளரங்கக் கால்பந்தால்தான். அதற்கு முன்னால் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு யாரும் அவரைப் பொருட்படுத்தியதில்லை. எடையளவு அலுவலகத்தில் ஆய்வாளர். ஒரு மரப்பெட்டி நிறைய எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார். தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால், கடைக்காரர் கரடியாகக் கத்தினாலும் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். சோதனைக்குப் போன எந்தக் கடையிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவர் தெருமுனையில் திரும்பினாலே, தராசைச் சரியாக வைத்திருக்கும் கடைக்காரரும் எழுந்து தட்டை இன்னொரு தடவை துடைப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு சர்வதேசப் போட்டியின் கடிகாரத்துக்கு முன்னால் பதினொரு தடவை உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பதினொரு தடவையும் உட்கார்ந்தவன் நான். அதனால் இதை எழுத எனக்குத் தகுதி உண்டு. எழுத வேண்டிய கடமையும் கொஞ்சம் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

போட்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அதைக் 'கோப்பை' என்றுதான் சொல்வோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். முதல் கோப்பைக்கு நான்கு நாடுகள் வந்தன. ஐந்தாவது நாடு வருவதாகக் கடிதம் அனுப்பியது, ஆனால் வரவில்லை. எங்கள் ஊரில் இருந்த ஒரே பெரிய உள்ளரங்கத்தில் அதற்கு முந்தைய வாரம்தான் கட்டில் பீரோ கண்காட்சி முடிந்திருந்தது. தரையில் ஏற்கெனவே கூடைப்பந்துக்கு ஒரு நிறம், கைப்பந்துக்கு ஒரு நிறம், இறகுப்பந்துக்கு ஒரு நிறம் என்று கோடுகள். அதற்கு மேல் எங்கள் பங்குக்கு மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒரு கோடு. ஒரு நாட்டுக் கோல்கீப்பர் முதல் பாதி முழுக்க இறகுப்பந்துக் கோட்டைத் தன் எல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றார். இந்த ஆட்டத்துக்கென்று அதிகம் எகிறாத சின்னப் பந்து உண்டு. அது மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. அதுவரை வெளி மைதானப் பந்தை வைத்து ஆடியதில் இரண்டு விளக்குகள் உடைந்தன.

அணிக்கு ஐந்து பேர், பாதிக்கு இருபது நிமிடம். பந்து கோட்டைத் தாண்டினால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், பந்தை உதைத்து உள்ளே அனுப்பிய கணத்தில் மறுபடி ஓடவிட வேண்டும். அதனால் இந்த ஆட்டத்தில் கடிகாரக்காரர் சும்மா ஒப்புக்கு உட்கார்ந்திருப்பவர் இல்லை. போட்டியை நடத்தும் சம்மேளனம் ஒரு நிறுத்துக் கடிகாரத்தை வாங்கி, சரிபார்த்து முத்திரை வைக்க அத்தானின் அலுவலகத்துக்கு அனுப்பியது. அது பத்து நிமிடத்துக்கு நான்கு விநாடி பின்தங்குகிறது என்று அத்தான் திருப்பி அனுப்பினார். இன்னொன்றை அனுப்பினார்கள். அதையும் திருப்பினார். மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு சம்மேளனச் செயலாளரே நேரில் வந்தார்.

"சார், இது சரியா ஓடும். ஆனா அமுக்குறவன் விரலுக்கு யார் முத்திரை குத்துறது? நீங்களே வந்து உக்காந்துடுங்களேன்" என்றாராம்.

கிண்டலுக்குச் சொன்னது. அத்தானுக்கும் கிண்டலுக்கும் ஒத்துவராது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அணிகள் செய்யும் தவறுகளை எண்ணி, எண் அட்டையைப் புரட்டும் வேலை எனக்கு. ஆயுள் முழுக்க அடுத்தவன் தப்பை எண்ணியே பிழைக்கிறாய் என்று அக்கா சொல்வாள்.

அத்தான் வேலை பார்க்கும் விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் நெற்றிப்பொட்டின் பக்கம் வைத்து மறைத்துக்கொண்டு பந்தை மட்டும் பார்ப்பார். பந்து, கோடு, பொத்தான். ஆட்டக்காரர் யார், எந்தச் சட்டை, யார் யாரை ஏமாற்றினார்கள், எதுவும் அவருக்கு வேண்டாம். பொத்தானை அமுக்கும் நேரத்தில் மட்டும் வலது கை கீழே வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது, "இன்னிக்குப் பந்து நூத்தியேழு தடவ வெளிய போச்சுடா" என்பார். பிறகு, "யாரு ஜெயிச்சது?" என்று என்னைக் கேட்பார். சத்தியமாகக் கேட்பார்.

இனி மூன்றாவது கோப்பை. ஆறு நாடுகள். இறுதி ஆட்டத்தில் எங்கள் அணியும் பச்சைச் சட்டைக்காரர்களும். அப்போதெல்லாம் மேசையில் உட்காருபவர்கள் போட்டி நடக்கும் ஊர்க்காரர்கள்தான். இப்போதுபோல மூன்றாம் நாட்டிலிருந்து வரவழைக்கும் வழக்கம் இல்லை. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் பின்தங்கியிருந்தோம். நான்கு விநாடி பாக்கி. பந்து பச்சைச் சட்டையின் காலில் பட்டு வெளியே போனது, அத்தான் நிறுத்தினார். அரங்கத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேடிப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் தலைவன் பக்கக் கோட்டிலிருந்து உதைத்து அனுப்பினான். பந்து முன்னால் நின்றவனிடம் போய், அவன் குதிகாலில் பட்டுப் பின்னால் வந்தது. அங்கே இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் நின்றான். ஆட்டக்காரர்கள் அவனைப் 'பம்பரம்' என்று கூப்பிடுவார்கள். பந்தைக் காலடியில் அமுக்கி வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு பச்சைச் சட்டை தாண்டிப் போய் விழுந்தான். எதிர்ப்பக்கம் இன்னொரு சுற்று. இன்னொரு பச்சைச் சட்டை. பிறகு கம்பத்தின் உள்பக்கம் பட்டுப் போகும்படி ஓர் அடி. கோல். நேரம் காட்டும் பலகையில் ஒரு விநாடி மிச்சம் இருந்தது.

அத்தான் எழுந்து நின்று கையைத் தூக்கினார். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து, நான் அவரைக் கட்டிப் பிடித்து, அந்தக் கையை இன்னும் உயரத் தூக்கினேன். அவர் ஏதோ சொன்னார். அந்தக் கூச்சலில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. நடுவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அந்தக் காட்சி மறுநாள் பத்திரிகையில் படமாக வந்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், நாலுக்கு மூன்று என்று ஜெயித்தோம். இன்றுவரை எங்கள் நாடு ஜெயித்த ஒரே கோப்பை அதுதான்.

அன்றைக்கு எல்லோரும் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தபோது, அத்தான் உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து ஆட்ட அறிக்கையை எழுதினார். அந்தப் படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் 'இல்லை' என்று எழுதும் கட்டம். அத்தான் எழுதியது இது: 'கடைசிப் பக்கவாட்டு உதையின்போது கடிகாரம் ஏறத்தாழ மூன்று விநாடி தாமதமாக ஓடவிடப்பட்டது. தவறு என்னுடையது. கையைத் தூக்கி நடுவருக்குத் தெரிவிக்க முயன்றேன். இயலவில்லை.' மூன்று பிரதி எழுதி, கையெழுத்துப் போட்டு, செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் ஒரு கையில் கோப்பையும் இன்னொரு கையில் ஒலிபெருக்கியுமாக இருந்தார். அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

இதெல்லாம் இருபத்தொரு வருடம் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது அத்தானுக்கும் தெரியாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை, அதற்குரிய கட்டத்தில் எழுதி உரியவரிடம் கொடுத்துவிட்டால் உலகத்துக்கே சொன்ன மாதிரி. சம்மேளனம் படித்திருக்கும், விசாரித்திருக்கும், கோல் செல்லும் என்று முடிவு செய்து, ஆட்டக்காரர்களுக்கும் சொல்லியிருக்கும். தன் மனம் நோகக்கூடாது என்றுதான் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்படி நினைத்துக்கொண்டார் மனிதர். நான்காவது கோப்பைக்கு அழைப்பு வந்தபோது கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "பெரிய மனசுடா அவங்களுக்கு" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு கோப்பை வளர்ந்தது. பன்னிரண்டு நாடுகள் ஆயின. ஊர் ஊராக நடந்தது. தரைக்கு மரப்பலகை வந்தது, மேலே நான்கு பக்கமும் பார்க்கும் கடிகாரம் வந்தது, தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அத்தான் மட்டும் பொட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பச்சைச் சட்டைக்காரர்கள் ஐந்து தடவை ஜெயித்தார்கள். நாங்கள் அரையிறுதி வரை இரண்டு தடவை போனோம், அவ்வளவுதான். அதனால் அந்தப் பையனின் கோல் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த ஒரு கோலால் அவனுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பிறகு அங்கிருந்து விலகி, பயிற்சிக் கூடம் ஒன்று தொடங்கினான். அதன் பெயரே 'கடைசி விநாடி'. உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்தக் கோலின் படம், ஆள் உயரத்துக்கு.

இதற்கு நடுவில் அவன் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் ஆகிவிட்டான். இனி 'அவன்' என்று எழுதினால் அக்கா மகள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். ஆறாவது கோப்பை சமயத்தில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். சாப்பாடு கொண்டுவர அவ்வளவு நேரம் ஆகாது என்று அக்கா கண்டுபிடித்தபோது, எல்லாம் முடிவாகியிருந்தது. அத்தான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "தங்கமான பையன். அந்த விஷயத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டதில்ல" என்றார். எந்த விஷயம் என்று அன்றைக்கு நானாவது கேட்டிருக்கலாம்.

இந்த வருடம் கோப்பைக்கு இருபத்தைந்து வருடம். சம்மேளனம் வரலாற்றுப் புத்தகம் போடுகிறது. தொகுக்க வந்த பெண் விடாக்கண்டி. பீரோவுக்குப் பின்னால் கிடந்த பெட்டிகளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு இறுதி ஆட்டத்தின் அறிக்கையையும் படம் எடுத்து அப்படியே போட்டிருந்தாள். புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. பிழை திருத்த என் மேசைக்கு வந்தது. அறுபத்தோராம் பக்கத்தில், தபால்தலை அளவுக்குச் சின்னதாக, அத்தானின் கையெழுத்தைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கடிகாரத்தை நேரத்தோடு ஓடவிட்டிருந்தால் அந்தக் கோலுக்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும். மத்தியானம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அத்தான், இது நீங்க எழுதினதா?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "என் கையெழுத்துதான். ஏன், பிழை ஏதாவது இருக்கா?"

"அத்தான், இது யாருக்குமே தெரியாதே!"

"தெரியாம எப்படி இருக்கும்? மூணு பிரதி எழுதிக் குடுத்தேன்."

"யாரும் படிக்கல அத்தான். இந்தப் பொண்ணுதான் மொதல்ல படிச்சிருக்கா."

அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கு?" என்றார்.

"தெரியாது."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அப்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க அக்கா மகள் வீட்டுக்குப் போனவன், அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் கணவரிடம் சொல்லாமல் இருப்பாளா?

மாப்பிள்ளை ஒன்பது நாள் மாமனார் வீட்டுப் பக்கம் வரவில்லை. சுவரில் இருந்த படத்தைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டதாக அக்கா மகள் சொன்னாள். கோபம் கோல் கைவிட்டுப் போனதற்கு மட்டும் இல்லை. "எங்கப்பா வேணும்னே நிறுத்தி வெச்சுக்கிட்டு, நம்ம ஊர ஜெயிக்க வெச்சாருன்னு நெனைக்கிறாரு, மாமா. என் கால் ஜெயிக்கல, உங்கப்பா கட்டைவிரல் ஜெயிச்சிருக்குங்கிறாரு" என்று என்னிடம் அழுதாள். பத்திரிகையில் வந்த அந்தப் படம் வேறு சாட்சிக்கு நின்றது. கடிகாரத்துக்குப் பக்கத்தில், கையைத் தூக்கிக் கொண்டாடும் கடிகாரக்காரர். அந்தக் கையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியது நான்தான் என்று நான் எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் அரை கிராம்கூடக் குறைய ஒப்பாத மனிதரை, பெண்ணைக் கொடுத்த வீட்டிலேயே கள்ளத்தராசுக்காரன் என்று நினைக்கிறார்கள்.

இப்போதைய செயலாளர் சமாதானப் பிரியர். அத்தானைத் தொலைபேசியில் அழைத்து, அறிக்கைப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோப்பையின் படத்தைப் போட்டுவிடலாம் என்றார். அத்தான் எடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் செயலாளர் கோல் போட்டவரின் விருப்பம்தான் முடிவு என்று கைகழுவினார். திங்கட்கிழமை அச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா மகள் பின்னாலேயே வந்தாள். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். ஒன்பது நாளும் அங்கேதான் இருந்தேன்.

"வாங்க மாப்பிள்ளை" என்று அத்தான் எழுந்தார்.

"உக்காருங்க மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேணும்னே செஞ்சீங்களா?"

"வேணும்னு செஞ்சா எழுதிக் குடுப்பேனா?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு எழுதியிருக்கலாம்ல?"

அக்கா அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். எழுந்து நின்ற அத்தான் மறுபடி உட்கார்ந்தார். அப்படி யாராவது நினைக்க முடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

"சரி, வேணும்னு செய்யல. அப்போ ஏன் மாமா? ஆயிரக்கணக்கான தடவ அமுக்கியிருக்கீங்க. ஒரு தடவகூடத் தப்பினதில்ல. அந்த ஒரு தடவ மட்டும் எப்படி?"

"பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார் அத்தான், மிகவும் மெதுவாக.

"என்னத்த?"

"ஆட்டத்த. பந்து உங்ககிட்ட வந்துச்சு. பொட்டுலேருந்து கைய எப்ப எடுத்தேன்னு தெரியல. நீங்க சுத்தினதப் பாத்தேன். அப்புறம்தான் கடிகாரம் ஞாபகம் வந்துச்சு."

மாப்பிள்ளை நம்பவில்லை. மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். அந்த இறுதி ஆட்டத்தின் பழைய பதிவு அதில் இருந்தது. அவர் ஆயிரம் தடவை பார்த்தது. அத்தான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. மேசையும் பலகையும் அந்தப் பதிவில் தெரியாது. ஆட்டக்காரர்கள் மட்டும்தான்.

"ஏறத்தாழன்னு எழுதியிருக்கீங்கல்ல? இன்னிக்குச் சரியா அளந்து சொல்லுங்க. உதச்சதுலேருந்து கோல் வரைக்கும் மொத்தம் எத்தன விநாடி? நாலு விநாடிதான் எனக்குப் பாக்கி இருந்துச்சு. அதுக்கு மேல எவ்வளவு எனக்கு நீங்க போட்டுக் குடுத்தீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

அக்கா மகள் தன் போனில் கடிகாரத்தைத் திறந்து அப்பா கையில் கொடுத்தாள். அத்தான் சம்மதித்தார். அளவு என்று வந்துவிட்டால் அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. போனை மேசைமேல் வைத்து, கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேல் தயாராகப் பிடித்தார். இன்னொரு கையைப் பழக்கத்தில் பொட்டுக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை பதிவை ஓடவிட்டார்.

தலைவன் உதைத்தான். குதிகாலில் பட்டுப் பந்து பின்னால் வந்தது. இருபத்திரண்டு வயசு மாப்பிள்ளை அதைக் காலடியில் அமுக்கினார். ஒரு சுற்று. பச்சைச் சட்டை விழுந்தான். நான் திரையைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டில் இருந்த கை கீழே வந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டாவது சுற்றுக்கு அவர் தோளும் கூடவே கொஞ்சம் திரும்பியது. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனபோது, "அட!" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. நாற்பது வருடத்தில் நான் கேட்டிராத சத்தம்.

"எத்தன மாமா?" என்றார் மாப்பிள்ளை.

அத்தான் போனைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எல்லாம் சைபராகவே இருந்தது. கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வைத்த இடத்திலேயே நின்றது.

அவர் முகம் சிவந்துபோயிற்று. "இன்னொரு தடவ போடுங்க, மாப்பிள்ளை. இந்தத் தடவ கண்டிப்பா அமுக்கிடுவேன்" என்றார், தப்பு செய்தவர் கெஞ்சுவது போல.

மாப்பிள்ளை அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "செயலாளருக்குப் போன் பண்ணு. மாமா எழுதினது அப்படியே இருக்கட்டும்னு சொல்லு" என்றார். போனை அத்தான் கையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். நாற்காலியை இழுத்து அத்தானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"அளக்க வேண்டாம் மாமா. சும்மா பாருங்க."

அத்தான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.